பொருள்: ‘கேட்டகரி ஃபிராடு’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நா. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். துணைநடிப்புக்கான ஆஸ்கரைத் தகுதியில்லாமல் வென்றவர்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். இரண்டு இடங்களில் நிற்கிறேன். ‘சப்போர்ட்டிங் ஆக்டர்’ என்பதைத் ‘துணை நடிகர்’ என்று எழுதினால், கோடம்பாக்கத்தில் அது கூட்டக் காட்சியில் நிற்பவர். மற்றது, ‘கேட்டகரி ஃபிராடு’. கதையையே சுமக்கும் முதன்மை வேடத்தை, அங்கே போட்டி கடுமை என்று துணைப் பிரிவில் நிறுத்தி வெல்வது. ‘பிரிவு மோசடி’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன்.

வே. எழுதியது:
சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ‘தகுதியற்ற வெற்றி’ என்ற பட்டியலில் இரண்டு வேறு குறைகள் கலந்து கிடக்கின்றன. ‘ஏர்போர்ட்’ படத்துக்காக ஹெலன் ஹேஸ் (1970; நான் தரும் ஆஸ்கர் ஆண்டுகள் படத்தின் ஆண்டுகள்), ‘கக்கூன்’ படத்துக்காக டான் அமீச்சி (1985) பெற்றவை, நெடுநாள் உழைப்புக்குச் செய்த மரியாதை. 1974-க்கான விருதை வென்ற இங்க்ரிட் பெர்க்மன், மேடையிலேயே உடன் போட்டியிட்ட வாலென்டினா கார்டீசுக்குத்தான் இது போயிருக்க வேண்டும் என்கிற பொருளில் பேசினார். அங்கே கேள்வி நடிப்பின் எடை.

டேட்டம் ஓநீல் (1973) கதை நேர்மாறு. ‘பேப்பர் மூன்’ முழுக்க அந்தப் பத்து வயதுப் பெண்ணின் படம். ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையில் இருக்கிறாள். மூன்றே ஆண்டு கழித்து அதே பிரிவில் பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் ‘நெட்வொர்க்’கில் ஐந்து நிமிடத்துக்கு வென்றார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஓநீலின் நடிப்பில் குறையே இல்லை, நிறுத்திய இடம்தான் தவறு. ‘ஆர்டினரி பீப்பிள்’ படத்தின் திமத்தி ஹட்டனுக்கும் (1980) இதே கணக்கு.

‘மோசடி’ எனக்கு ஒப்பவில்லை. விதியை யாரும் மீறவில்லையே. பட நிறுவனம் விளம்பரத்தில் ஒரு பிரிவைப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். எந்தப் பிரிவில் எழுதுவது என்பதை வாக்குச்சீட்டில் ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் நடிகர் கிளை உறுப்பினர் ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கிறார். ‘ஜூடஸ் அண்ட் த பிளாக் மெசையா’வில் லக்கீத் ஸ்டான்ஃபீல்டை முதன்மைக்குத்தான் நிறுவனம் முன்வைத்தது. உறுப்பினர்கள் துணைப் பிரிவில் நியமித்தார்கள். அங்கே இருந்த, அதே படத்தின் டேனியல் கலூயாவே வென்றார். முதன்மை நடிகர் என்று எவருமே இல்லாத படமாகிவிட்டது!

செ. எழுதியது:
விதி இடம் தருகிறது என்றால் இலக்கணத்தில் நமக்குப் பெயர் இருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் மயங்கினால் வழு, அதாவது பிழை, என்கிறது நன்னூல். பிரிவு மயங்கினால் ‘பிரிவு வழு’. காரணம் பற்றி ஏற்றுக்கொண்டால் ‘பிரிவு வழுவமைதி’. வழக்கில் ‘பிரிவு மயக்கம்’ போதும். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வரும் திணைமயக்கம் அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

‘சப்போர்ட்டிங்’ சிக்கலும் அகத்திணையிலேயே தீர்ந்துவிட்டது. களவில், அதாவது மறைவான காதலில், பேச உரியவர்கள் என்று தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணுவது பார்ப்பான், பாங்கன் (தலைவனின் தோழன்), தோழி, செவிலி, தலைவன், தலைவி. தோழி கூற்றாக எத்தனை பாடல்கள்! அத்தனை பேசியும் தோழி தலைவியாவதில்லை. ஆகவே நிமிடக் கணக்கு முதன்மையைத் தீர்மானிக்காது, கதை யாருடையது என்பதே தீர்மானிக்கும். தலைமை நடிகர், பாங்கு நடிகர் எனலாம். பாங்கு என்றால் பக்கம். பாங்கன், பாங்கி, பாங்கர் எல்லாம் அதன் கிளைகளே.

கு. எழுதியது:
> பாங்கு நடிகர்
ஐயா, பள்ளிவாசல் பாங்கும், பழைய ஏடுகளில் வங்கியைக் குறித்த பாங்கியும்தான் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வரும். தமிழ்நாடு அரசு விருதில் ‘குணச்சித்திர நடிகர்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது நடிப்பின் வகையைச் சொல்கிறது, வேடத்தின் நிலையைச் சொல்லவில்லை. ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தில் பத்து நிமிடம்கூட வராமல் வென்ற ஜூடி டெஞ்சுக்கும் ஓநீலுக்கும் அது பொருந்தாது. ‘துணைவேட நடிகர்’ என்று ஒரு சொல் சேர்த்தால் கோடம்பாக்கக் குழப்பம் போய்விடும்.

மற்றதற்கு என் வாக்கு ‘பிரிவுத் தாவல்’. கட்சித் தாவலைக் கேட்ட காது உடனே பிடித்துக்கொள்ளும்.

வே. எழுதியது:
தாவல் என்றால் தாவியவர் நடிகர் என்றாகிறது. பத்து வயதுப் பிள்ளை எங்கே தாவியது? அது தன்வினை, நமக்கு வேண்டியது பிறவினை. அல்லது வினைமுதலையே சுட்டாத சொல். ஆள்மாறாட்டம் போல ‘பிரிவு மாறாட்டம்’ வைத்துப் பார்ப்போம். குற்றச்சாட்டின் தொனி இருக்கிறது. குற்றவாளி இன்னார் என்று சொல்லவில்லை. வயோலா டேவிசை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் அதே வேடத்துக்கு 2010-இல் முதன்மை நடிகைக்கான டோனி, அதாவது அமெரிக்க மேடை நாடக விருது. 2016 படத்துக்குத் துணைப் பிரிவில் ஆஸ்கர். “டேவிஸ் பெற்றது பிரிவு மாறாட்டத்தால்” என்று எழுதினால் தொடர் தடையின்றி ஓடுகிறது.

கு. எழுதியது:
மாறாட்டத்துக்கு இணங்குகிறேன். ஆனால் விளம்பரமே இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. ‘அழகர்சாமியின் குதிரை’யில் அழகர்சாமியே அப்புக்குட்டிதான். 59-வது தேசிய விருதில் அவருக்குக் கிடைத்தது சிறந்த துணை நடிகர் விருது. தீர்ப்பு நடுவர் குழுவினுடையது. அதையும் மாறாட்டம் என்போமா?

செ. எழுதியது:
என்னால் இயலாது. ஆள்மாறாட்டத்தில் ஒருவர் இன்னொருவராக நடித்து ஏமாற்றுகிறார். இங்கே ஏமாற்றும் நோக்கம் எல்லா இடத்திலும் இல்லை. அப்புக்குட்டிக்கு மயக்கம் பொருந்தும். மாறாட்டம் அவருக்கு இழுக்கு.

நா. எழுதியது:
நேரம் முடிகிறது. ‘துணைவேட நடிகர்’ உறுதி. நிறுவனத்தின் உந்துதல் தெரிந்த இடங்களில் ‘பிரிவு மாறாட்டம்’ போடுகிறேன். கட்டுரையில் வருபவை பெரும்பாலும் அவையே. பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு மட்டும் மிஞ்சுகிறார். 1944-ஆம் ஆண்டுப் படத்தின் ஒரே வேடத்துக்கு இரண்டு பிரிவிலும் நியமனம் பெற்று, துணைப் பிரிவில் வென்றவர். அதற்குப் பிறகுதான் விதியையே மாற்றினார்கள். அவருக்கு மாறாட்டமும் சரியாகவில்லை. செ. ஐயா சொன்ன மயக்கத்தை அந்த ஓர் இடத்தில் வைக்கிறேன்.

செ. எழுதியது:
ஓர் இடத்தில் வைத்தால் கலைச்சொல் ஆகாது. எல்லா இடத்திலும் மயக்கமே வரவேண்டும் என்ற என் மறுப்பைக் குழு ஆவணத்தில் பதிந்துகொள்ளுங்கள்.