சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவும் விழாவும்: குமரி மாவட்டத்தில் கவனிக்க வேண்டியவை

சிறப்பாசிரியர், தக்கலை பக்கம்

போன இடம் பிடிக்கவில்லை என்று அழுகிற பிள்ளைகள் குறைவு. வரிசையில் நிற்க முடியாமலும், சொன்னது நடக்காமல் போவதாலும் அழுகிறவர்கள்தான் அதிகம். அதனால் எங்கே போகிறோம் என்பதோடு, எங்கெங்கே காத்து நிற்க வேண்டிவரும் என்பதையும் முதலிலேயே எழுதிப் பாருங்கள்.

விவேகானந்தர் பாறைக்குப் போவதென்றால் கார்த்திகையும் மார்கழியும் வேண்டாம். சபரிமலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் படகு வரிசை நகரவே நகராது. மற்ற மாதங்களிலும் கடல் உள்வாங்கினாலோ காற்று பலத்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரமாகப் படகுப் படத்தையே காட்டிப் பழக்கிய ஆட்டிசப் பிள்ளையால் அதைத் தாங்க முடியாது. பட அட்டையில் படகுக்குப் பக்கத்திலேயே வட்டக்கோட்டைப் படமும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். 'படகு இல்லையென்றால் இது' என்று சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கோட்டைக்குள் புல்தரை உண்டு. கடல் பக்கத்து மதில்மேல் மட்டும் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும்.

படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முந்தைய ஆளின் ஈரமும் வியர்வை வாடையும் அதில் இருக்கும். தொடு உணர்வு அதிகமுள்ள பிள்ளைகள் உதறி எறிவார்கள். ஒன்றை இரவல் வாங்கிப் பள்ளியிலேயே பழக்குங்கள்: முதலில் மடியில், பிறகு தோளில், கடைசியில் கிளிப் போட்டு, தினமும் இரண்டு நிமிடம். அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் ஈரம் தோலில் படாது. பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே கடல் தெரிவதைப் பார்த்து நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வர மாட்டேன் என்கிறவர்களோடு பாறையிலேயே இருக்க ஒருவரை ஒதுக்குங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலில் நடக்காத பிள்ளைக்கு அதற்கும் முன்பழக்கம் வேண்டும். மரப்படிகள் செங்குத்து, நடைகளில் வெளிச்சம் குறைவு. தசை இறுக்கமுள்ள பிள்ளைகள் இருந்தால் கீழ்த்தளமும் முற்றமும் போதும்.

அதிகத் துணை வேண்டிய பிள்ளைக்குத் தனி ஆள், மற்றவர்களில் மூன்று பேருக்கு ஒருவர். இதற்கு மேல் ஒருவர் எந்தப் பிள்ளையின் கையையும் பிடிக்காமல் இருக்க வேண்டும். டிக்கெட், தண்ணீர், கழிப்பறை எல்லாம் அவர் பொறுப்பு. இந்த ஆளைக் கணக்கில் சேர்க்காத பள்ளிகள்தான் பிள்ளையைத் தவறவிடுகின்றன. வேனில் ஏறுமுன் ஒவ்வொருவரையும் அன்றைய உடையோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர், நாகர்கோவில்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வலிப்பு மருந்து பெரிய பையில் வேன் டிக்கியில் இருந்தால் பயனில்லை. பிள்ளையோடு நடக்கிறவர் தோளில் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டின் நகலோடு. பொது இடத்தில் வலிப்பு வந்தால் நாலு பேர் பிள்ளையின் கையில் சாவியைத் திணிக்க ஓடிவருவார்கள். அவர்களை விலக்கவே ஒரு ஆள் வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

சிறப்பாசிரியர், மார்த்தாண்டம்

விழாக்களிலும் காத்திருப்புதான் கெடுக்கிறது. அரிதாரம் பூசி, ஜிகினா உடை போட்டு, சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை மேடையில் எப்படி ஆடும்? விருந்தினர் வராவிட்டாலும் சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். ஒரு ஆட்டம் மூன்று நிமிடம். பரிசை இறங்கும்போதே கையில் கொடுங்கள், உரையெல்லாம் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம்; நம் மாவட்டத்தில் அன்று கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை. அதனால் முந்தின வேலைநாளே வசதி.

ஓணம் இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே பொருந்துகிற விழா. பூக்கோலத்துக்குத் தோவாளைச் சந்தைப் பூவை வாங்கி, நிறம் பிரிப்பதை ஒரு குழுவுக்கும் இதழ் உதிர்ப்பதை ஒரு குழுவுக்கும் கொடுக்கலாம். தரையில் சாக்பீஸ் வட்டங்கள் போட்டு, ஆளுக்கொரு வட்டம். பூவை வாயில் போடுகிற பிள்ளை இருந்தால் அந்தக் கையில் வண்ணத்தாள் துண்டு கொடுங்கள். பூவில் மருந்து தெளித்திருப்பார்கள். சத்யா என்கிற ஓண விருந்தில் கறிகள் ஒன்றோடொன்று கலந்தால் சாப்பிடாத பிள்ளைக்கு இலை வேண்டாம், அறை வைத்த தட்டு. செண்டை மேளம் வாசலோடு நிற்கட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்பக்கம் ஒரு அறையில் மின்விசிறியும் பாயும் போட்டு, காதை மூட மஃப் நாலைந்து வைத்து, கதவில் அந்த அறையின் படத்தை ஒட்டிவிடுங்கள். தேவைப்படும்போது பிள்ளைகளே தேடிப் போய்விடுவார்கள்.