மறு: டிரைசெப்ஸ் கிக்பேக் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்புறத் தசை) வலுப்பெற, குனிந்தபடி டம்பெல்லைப் பிடித்துக் கையைப் பின்னோக்கி நீட்டும் கிக்பேக் பயிற்சிக்கும், அதை ஒட்டிய சொற்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். உடற்பயிற்சிக் கூடத்தில் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் சில இடங்களில் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கிக்பேக் = பின்னுதைப்பு. நேராகப் புரிகிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தப் பயிற்சியில் உதை என்று எதுவுமே கிடையாது. உதை என்று காதில் விழுந்தவுடன் புதிதாக வருகிறவர் என்ன செய்கிறார் என்பதைத் தினமும் பார்க்கிறேன். தோளிலிருந்து மொத்தக் கையையும் பின்னால் விசிறுகிறார். டம்பெல் மேலே போகிறது, பார்க்கவும் கடினமான வேலையாகத் தெரிகிறது. ஆனால் தூக்கியது பின்தோளும் விசிறிய வேகமும்தான். வேலை செய்ய வேண்டிய தசை பாதி நேரம் சும்மா இருக்கிறது. பின்வீச்சு என்று இன்னொருவர் சொன்னதும் இதே சிக்கலில்தான் மாட்டும். வீச்சு என்பது சிலம்பத்துக்குரிய சொல், அங்கே வீச வேண்டும். இங்கே வீசக் கூடாது.

சரியாகச் செய்தால் இப்படி இருக்கும். இடது முழங்காலையும் இடது கையையும் பெஞ்சில் ஊன்றிக் குனிகிறோம். முதுகு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, நடுவில் கூன் விழாமல் இருக்கிறது. வலது மேல்கை விலாவை ஒட்டி, முதுகின் அதே மட்டத்தில் நிற்கிறது. முழங்கை 90 பாகையில் மடங்கி, முன்கை நேராகக் கீழே தொங்குகிறது. இப்போது முழங்கை இருந்த இடத்திலேயே இருக்க, முன்கை மட்டும் பின்னோக்கி எழுந்து கை முழுவதும் நீள்கிறது. அங்கே ஒரு நொடி நிறுத்தம். அப்புறம் போன வேகத்தைவிட மெதுவாகத் திரும்பி வர வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. பக்கத்துக் கண்ணாடியில் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பக் கூடாது.

முழங்கை தாழ்ந்தால் என்ன கெடும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பெயர் வைக்கும் விவாதமே இதில்தான் நிற்கிறது. எடை எப்போதும் நேர் கீழாகத்தான் இழுக்கும். முன்கை செங்குத்தாகத் தொங்கும்போது முழங்கை மூட்டின் மீது திருப்புவிசை (மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விசை) ஏறக்குறைய இல்லை. முன்கை கிடைமட்டத்துக்கு வரும்போதுதான் அது உச்சம். ஆகவே இந்தப் பயிற்சியின் உயிர் கடைசிக் கால்வாசியில் இருக்கிறது. மேல்கை 45 பாகை கீழே சரிந்துவிட்டால், கையை முழுவதும் நீட்டினாலும் முன்கை கிடைமட்டத்துக்கு வராது. உச்சத்தில் கிடைக்க வேண்டிய விசையில் சுமார் 30 சதவீதம் போய்விடும். அதே டம்பெல், அதே வியர்வை, பலன் மட்டும் குறைவு. எடை கூடிப்போனால் முதலில் நடப்பதும் இந்தச் சரிவுதான். மற்ற பயிற்சிகளில் தூக்குவதைவிட மிகக் குறைந்த எடையில் இதைத் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

எனவே பெயர் எந்த மூட்டு அசைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மக்கள் பெயரைக் கேட்டுத்தான் உடம்பை அசைக்கிறார்கள்.

> எக்ஸ்டென்ஷன் = நீட்சி?

நீட்சி வேண்டாம். 'நீட்சிப் பயிற்சி' என்றால் ஸ்ட்ரெச்சிங் என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் தசையை இழுத்து விடுவதா, எடையை எதிர்த்து நீட்டுவதா என்று குழம்புவார். நீட்டல், மடக்கல் போதும். எலும்பு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் நோயாளியிடம் "கையை நீட்டி மடக்குங்க" என்றுதானே சொல்கிறார்கள்? மக்கள் வாயில் இருக்கும் இணை, அதையே எடுத்துக்கொள்வோம்.

டிரைசெப்ஸுக்கு முத்தலைத் தசை பாடநூல்கள் வழியாகப் பழகிய சொல். முப்புரித் தசை என்ற பரிந்துரை அழகாக இருக்கிறது, ஆனாலும் வழக்கில் உள்ளதை மாற்றத் தேவையில்லை. பொருளும் சரியாக இருக்கிறது: மூன்று தலைகளில் இரண்டு மேல்கை எலும்பிலும், நீளமான மூன்றாவது தோள்பட்டை எலும்பிலும் தொடங்கி, மூன்றும் சேர்ந்து முழங்கை முனையில் போய்ப் பிடிக்கின்றன.

அந்த நீளத் தலை தோள்மூட்டையும் தாண்டிப் போவதால், கை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியமாகிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் அது இழுபட்ட நிலையில் வேலை செய்யும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆளின் ஒரு கைக்குத் தலைக்கு மேலே வைத்தும் மறு கைக்கு உடலையொட்டி வைத்தும் 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தலைக்கு மேலே செய்த கையில் முத்தலைத் தசை கூடுதலாக வளர்ந்திருந்தது. ஆக, உடல் நிலையையும் பெயரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் முன்மொழிவு இதுதான். 'முழங்கை நீட்டல்' அடிச்சொல்லாக இருக்கட்டும், நிலையை முன்னால் சேர்ப்போம். கிக்பேக்குக்குக் குனிநிலை முழங்கை நீட்டல். தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவதற்குத் தலைமேல் முழங்கை நீட்டல். பெஞ்சில் மல்லாந்து செய்வது கிடைநிலை முழங்கை நீட்டல். கடைசியதன் ஆங்கிலப் பெயரான ஸ்கல் கிரஷரை 'மண்டை உடைப்பான்' என்று பெயர்த்தது வேண்டவே வேண்டாம். எடை நெற்றிக்கு மேலே வந்து நிற்கும் பயிற்சி அது. புதியவர் பயந்து கையை விறைத்தால்தான் ஆபத்து.

இந்த முறை மற்ற இடங்களுக்கும் நீளும். பைசெப்ஸ் கர்ல் முழங்கை மடக்கல் ஆகும், லெக் எக்ஸ்டென்ஷன் முழங்கால் நீட்டல் ஆகும். பெயர் நீளம் என்று சொல்வீர்கள். கூடத்தில் கிக்பேக்கைக் கூப்பிட 'பின்நீட்டல்' போதும், நூலிலும் கையேட்டிலும் முழுப்பெயர் வரட்டும்.

> டம்பெல் = கர்லாக்கட்டை

இதை உறுதியாக மறுக்கிறேன். கர்லாக்கட்டையில் எடை ஒரு முனையில் திரண்டிருக்கும், தோளைச் சுற்றிச் சுழற்றுவதற்கு என்றே அப்படி அமைந்தது. டம்பெல்லில் பிடியின் இரண்டு பக்கமும் எடை சமம். நம் ஊரில் இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கும் ஒரு கருவியின் பெயரைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தமிழில்தான் வேண்டும் என்றால் கைப்பளு. எனக்கு டம்பெல்லே போதும்.

கடைசியாக ஃபார்ம், அதாவது பயிற்சியைச் செய்யும் முறை சரியாக இருப்பது. இணையத்தில் 'சரியான படிவத்துடன் செய்யவும்' என்று வருகிறது. படிவம் என்றால் நிரப்பிக் கொடுப்பது, இதைப் பரப்பாமல் தடுக்க வேண்டும். பரதநாட்டியத்தின் அங்கசுத்தம் என்பதை ஒருவர் நினைவூட்டியது மனதுக்குப் பிடித்திருந்தது. அங்கே அது கண்ணுக்குத் தெரியும் கோட்டின் தூய்மை. இங்கே சுமை எந்தத் தசையில் இறங்குகிறது என்பதே கேள்வி. 'நேர்த்தி' என்று வைத்தால் பேச்சிலும் தடையில்லாமல் வரும்: "நேர்த்தி குலைஞ்சா எடையைக் குறை." விதை நேர்த்தி, நேர்த்திக்கடன் எல்லாம் இருக்கிறதே என்ற தயக்கம் வேண்டாம், இடம் பார்த்துப் பொருள் விளங்கும்.

கையேட்டில் போடுவதற்கு ஒரு வரைவு:

"குனிநிலை முழங்கை நீட்டல்: மேல்கையை விலாவை ஒட்டி, முதுகு மட்டத்தில் நிறுத்துக. மேல்கை அசையாமல் முன்கையை மட்டும் பின்னோக்கி நீட்டுக. முழுவதும் நீண்டதும் ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக மடக்குக. முழங்கை தாழ்ந்தால் எடையைக் குறைக்க."

இதை உங்கள் பக்கத்தில் பயிற்சி செய்யாத ஒருவரிடம் படித்துக் காட்டி, வெறுங்கையோடு செய்யச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் அவர் நிற்கிறார் என்று பார்த்து எழுதினால் திருத்திக்கொள்ளலாம். செட், ரெப் (எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை முறை) பற்றிய பேச்சை இதில் கலக்க வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

அன்புடன்.