பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் மூளைப் பயிற்சி: பணம் கட்டலாமா?

மஞ்சக்குப்பம்_மகள்:
அப்பாவுக்கு 63 வயது, மளிகைக் கடை. தை மாதம் ஸ்ட்ரோக், மூளையின் வலது பக்கம். ஜிப்மரில் வைத்துப் பார்த்தோம், கைகால் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் தட்டில் இடது பக்கம் இருக்கிற பொரியலைத் தொடுவதே இல்லை, கேட்டால் "நீ வைக்கவே இல்லையே" என்கிறார். கடைக் கணக்கும் தப்புத் தப்பாக வருகிறது. ஒரு சென்டரில் கம்ப்யூட்டரில் விளையாட்டு மாதிரிப் பயிற்சி தருகிறார்களாம், மூளை பழையபடி ஆகிவிடும், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுங்கள் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா?

பாண்டி_தெரபிஸ்ட்:
மொத்தமாகக் கட்டாதீர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குவது என் வேலை. நாங்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறோம், ஆனால் துணைக்குத்தான். விளையாட விளையாட அந்த விளையாட்டில் கை தேறும், அது கடையிலும் அடுப்படியிலும் உதவுமா என்பதுதான் கேள்வி. லுமோசிட்டி என்ற மூளை விளையாட்டு ஆப்பின் விளம்பரத்தில் ஸ்ட்ரோக் பாதிப்பும் குறையும் என்று பேசியதற்கு, ஆதாரம் போதாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து, 2016இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டியது. கவனப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் அமைப்பு) அறிக்கையிலும், பயிற்சி முடித்த கையோடு கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது, அது நிலைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

நீங்கள் சொல்வது நெக்லெக்ட் மாதிரி இருக்கிறது, அதாவது கண் தெரிந்தாலும் மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவது. பார்வைப் பரப்பே பாதி போயிருந்தாலும் இடது பக்கம் தெரியாது, அதனால் முதலில் கண் பரிசோதனை. அப்புறம் கணக்கு. அவர் கூட்டல் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள், 1250ஐ 250 என்று வாசிக்கிறாரா பாருங்கள், நெக்லெக்டில் இடது ஓர எண்ணே விட்டுப்போகும். நோட்டின் இடது ஓரத்தில் தடிமனாகச் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டைத் தொட்டபிறகே வாசிக்கச் சொல்லுங்கள், தட்டுக்குப் பக்கத்தில் மேசையிலும் அதே மாதிரி சிவப்பு டேப். வண்டியை மட்டும் தொடவிடாதீர்கள், இடது பக்கம் வருகிற பஸ் அவருக்குத் தெரியாது.

திருப்பாப்புலியூரான்:
எங்கள் அம்மா டேப்லெட்டில் லெவல் மேல லெவல் போவார், ஆனால் கேஸை மூட மறந்துவிடுவார். கடைசியில் கைகொடுத்தது போன் அலாரமும், அடுப்புக்கு மேலே ஒட்டிய சீட்டும்தான். அதற்காக டேப்லெட்டைப் பிடுங்கவில்லை, அவருக்குப் பொழுதுபோகிறது, இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம்_மகள்:
நன்றி சார். நேற்று ராத்திரி பழைய பில்லைக் கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான், 3480ஐ 480 என்று வாசிக்கிறார். கூட்டல் சரியாகத்தான் போடுகிறார்! ஆனால் கொஞ்ச நேரத்திலேயே எரிச்சலாகி நோட்டைத் தள்ளிவிடுகிறார்.

பாண்டி_தெரபிஸ்ட்:
ராத்திரி வேண்டாம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சீக்கிரமே களைத்துப்போவார்கள், காலையில் சாப்பிட்டபிறகு ஒரு கால் மணி நேரம் போதும். எரிச்சலோடு தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம், அடுத்த முறை ஜிப்மர் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.