சிலிண்டர் டெபாசிட்டுக்கும் 18 சதவீத வரியா? மலைப் பட்டறைக்காரர்களின் அனுபவங்கள்

குன்னூர், வெல்டிங் பட்டறை:

வெல்டிங் பட்டறை நடத்துகிறவர்கள் எல்லோரும் உங்கள் சிலிண்டர் பில்களைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெபாசிட் தொகையின் மேலும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். என் பில்லில் போட்டிருந்தார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் டிரையர் வேலைக்காக ஆக்சிஜன் ஒன்று, டிஏ (வெல்டிங்குக்கான அசிட்டிலீன் காஸ்) ஒன்று எனப் புதிதாக ஒரு ஜோடி சிலிண்டர் எடுத்தேன். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் ஏறி வரும் சரக்கு. பில்லில் முதலில் காஸ் விலை, அடுத்து வண்டிக்கூலி, மூன்றாவதாக ‘சிலிண்டர் டெபாசிட் 16,000’. மூன்றையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு மத்திய அரசின் சிஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று போட்டுவிட்டார்கள். டெபாசிட்டுக்கு மட்டும் 2,880 ரூபாய் வரி.

விநியோகஸ்தரிடம் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டேன்: “சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் 16,000 வருமா, 18,880 வருமா?” கணக்குப் பார்க்கும் பையன் தயங்காமல் சொன்னான்: “டெபாசிட் மட்டும்தான் சார் திரும்ப வரும். வரி அரசாங்கத்துக்குக் கட்டியாகிவிட்டது.”

என் வயிற்றெரிச்சல் இதுதான். காஸ் எரிந்து தீர்கிறது, அதற்கு வரி கட்டுகிறேன், நியாயம். ஆனால் சிலிண்டர் என்னுடையதாகவே ஆகவில்லை. அதன் தோளில் எண்ணும் சோதனைத் தேதியும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணுள்ள சிலிண்டரை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுத்து வாங்கும் பணத்துக்கு எங்கிருந்து வந்தது வரி? ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார். பதிவில்லாத என்னைப் போன்ற சிறு பட்டறைக்கு அந்த 2,880 போனால் போனதுதான்.

இது எனக்கு மட்டும் நடந்ததா, மற்ற ஊர்களிலும் உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்.

உதகை, வரிக் கணக்கு எழுதுபவர்:

உங்கள் பக்கம்தான் சட்டம் இருக்கிறது ஐயா. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 2(31)-வது பிரிவு ‘பிரதிபலன்’, அதாவது சரக்குக்கோ சேவைக்கோ ஈடாகக் கொடுக்கும் விலை, எது என்பதை வரையறுக்கிறது. அதன் காப்புரையை (பிரிவோடு சேர்ந்த நிபந்தனை வாசகத்தை) படியுங்கள்: சரக்குக்காகவோ சேவைக்காகவோ கொடுக்கப்படும் டெபாசிட்டை, அந்தச் சரக்கையோ சேவையையோ வழங்குபவர் விலையாக எடுத்துக்கொள்ளாதவரை, அது விலையாகக் கருதப்படாது. விலை இல்லையென்றால் வரியும் இல்லை. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி சட்டத்திலும் இதே வாசகம்தான்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. பீர் பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் வாங்கிய டெபாசிட்டை விற்பனை என்று சொல்லி ஆந்திர அரசு வரி கேட்டபோது, 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திரும்ப வர வேண்டிய பாட்டிலுக்கான டெபாசிட் விற்பனை விலை ஆகாது என்றது. விற்பனை வரிக் காலத் தீர்ப்புதான், ஆனால் அதன் நியாயம் இன்றும் பொருந்துகிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காட்டில் பாட்டில் கிடக்கக் கூடாது என்று 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை முதலில் நீலகிரியில்தானே தொடங்கியது. அந்தப் 10 ரூபாயைச் சரக்கின் விலை என்று யாரும் சொல்வதில்லை.

தவறு பெரும்பாலும் பில் போடும் மென்பொருளில் இருக்கிறது. எல்லா வரிசைக்கும் 18 என்று ஒரே விகிதத்தைப் பதிந்துவிடுகிறார்கள். வசூலித்த வரியை விநியோகஸ்தர் அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் (76-வது பிரிவு). ஆகவே அவர் பையில் போட்டுக்கொண்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். 34-வது பிரிவின்படி கிரெடிட் நோட் (பில்லில் கூடுதலாகப் போட்டதைக் குறைத்துத் தரும் சீட்டு) கேளுங்கள். நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் அவர் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். வரிச் சுமையை உங்கள் தலையில் வைத்துவிட்டு அவர் மட்டும் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. முதலில் உங்கள் பணத்தை உங்களிடம் கொடுக்க வேண்டும்.

கொடைக்கானல், கிரில் கதவு வேலை:

எங்களுக்கு சிலிண்டர் வத்தலக்குண்டு வழியாக வருகிறது. எங்கள் தொல்லை சற்று வேறு மாதிரி. டெபாசிட் வாங்கும்போது வரி போடவில்லை, திருப்பிக் கொடுக்கும்போது போட்டார்கள்.

மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதால் காலி சிலிண்டர் குறித்த நாளில் இறங்கவில்லை. இலவச நாட்கள் கடந்ததற்கு வாடகை 1,200 ரூபாய் என்றார்கள். ஒப்பந்தத்தில் இருப்பதுதான், சரி என்றேன். ஆனால் 7,000 டெபாசிட்டில் அதைக் கழித்துவிட்டு, முழு 7,000-க்கும் 18 சதவீதம் கணக்கிட்டு 1,260 ரூபாயும் பிடித்தார்கள். கைக்கு வந்தது 4,540.

மேலே உதகை ஐயா சொன்ன அதே சட்ட வாசகத்தை வைத்துத்தான் நான் வாதாடினேன். டெபாசிட்டிலிருந்து எவ்வளவை வாடகையாக எடுத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவுக்குத்தான் வரி. 1,200-க்கு 216. எனக்கு வர வேண்டியது 5,584. எதிரில் இருந்தவர் ஒரு தாளில் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு பேசாமல் மீதி 1,044 ரூபாயை எண்ணி வைத்தார். கணக்கை எழுதிக் காட்டினால் ஒப்புக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். குரலை உயர்த்தியிருந்தால் அன்று காரியம் கெட்டிருக்கும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற பட்டறைக்காரர்:

கார்பைடு போட்டு நாமே காஸ் உண்டாக்கிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவன் நான். அப்போது டெபாசிட் பேச்சே கிடையாது. வீட்டு சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள் தம்பிகளே. இணைப்பு வாங்கும்போது 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் கட்டி வவுச்சர் வாங்குகிறோம். 2022 ஜூனில் அது 1,450-லிருந்து 2,200 ஆனது. அந்தத் தொகையின் மேல் ஜிஎஸ்டி போட்டதை நான் பார்த்ததில்லை. வெல்டிங் சிலிண்டருக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

ஒன்று மட்டும் கவனம். சிலிண்டர் தொலைந்துபோய், டெபாசிட்டை அதன் விலையாக எடுத்துக்கொண்டால் அங்கே வரி வரும். அதை மறுத்துப் பேசிப் பயனில்லை. ‘டெபாசிட்’ என்று சொல்லி சிலிண்டரையே விற்றுவிடுகிற ஏற்பாடும் உண்டு. திருப்பித் தரப்படும் என்ற வாசகம் இருக்கிறதா என்று படித்த பிறகு பணம் கொடுங்கள்.

சம்பந்தமில்லாமல் இன்னொன்று: மார்கழிக் குளிரில் டிஏ சிலிண்டரின் அழுத்தம் தானாகவே இறங்கும், முள் கீழே நிற்கும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து மீதி காஸோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு பாருங்கள். நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள்.

கூடலூர், டிராக்டர் பழுது பார்ப்பவர்:

கிரெடிட் நோட் தர மாட்டோம் என்று எங்கள் விநியோகஸ்தர் கறாராகச் சொல்லிவிட்டார். 900 ரூபாய்க்காக எங்கே போய் அலைவது?

உதகை, வரிக் கணக்கு எழுதுபவர்:

முதலில் பதிவுத் தபாலில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள், 2(31) என்று பிரிவைக் குறிப்பிடுங்கள். அசையவில்லையென்றால் உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்குகிறவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இணையவழியிலும் மனு கொடுக்கலாம், உதகைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

குன்னூர், வெல்டிங் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி எழுதி அனுப்பினேன். உரிமையாளரே அழைத்துப் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். 2,880-க்கு கிரெடிட் நோட் வந்தது, பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் இன்னொரு பட்டறைக்கும் அதே பில்தான். அவரும் இப்போது கேட்டிருக்கிறார்.

இனிமேல் எனக்கு இரண்டு தாள்கள் தருகிறார்கள். ஒன்று காஸுக்கும் வண்டிக்கூலிக்கும் வரியோடு பில். மற்றொன்று டெபாசிட்டுக்கு வரி இல்லாத ரசீது. ரசீதில் சிலிண்டர் எண்ணையும், ‘சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்ததும் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்’ என்ற வாசகத்தையும் எழுதச் சொல்லுங்கள். ‘வாடகை முன்பணம்’ என்று எழுத விடாதீர்கள், சேவைக்கான முன்பணத்துக்கு வரி உண்டு. கூடலூர் நண்பர் தன் பழைய ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.