புதுப்பிப்பு: சுழலும் திரவ உலோகம் – மேல்தோல் ஏன் நின்றுவிடுகிறது

முதல் பதிவில் சொன்ன அமைப்பு: 6 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடித் தட்டு, 4 மி.மீ. ஆழத்துக்குக் காலின்ஸ்டான் (காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த, அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகக் கலவை; சுமார் 73 கிராம்), நடுவில் ஒரு கம்பி, விளிம்பில் வளையம், அடியில் நியோடிமியம் காந்தம். மின்னோட்டம் ஆரம் வழியே ஓட, காந்தப்புலம் மேல்நோக்கி நிற்க, உலோகம் வட்டமாகச் சுழலவேண்டும். உள்ளே சுழன்றது, மேற்பரப்பு அசையவில்லை.

காரணம் ஆக்ஸைடு படலம். காற்றுப்பட்டதும் உருவாகி, விளிம்பில் ஒட்டிக்கொண்டு மூடிபோல நிற்கும். 100 மி.லி. நீரில் 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, சில மி.மீ. உயரத்துக்கு மேலே ஊற்றினால் படலம் கரைந்து பரப்பு கண்ணாடிபோல் ஆகும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஹைட்ரஜன் குமிழ் வரும், நெருப்பு அருகில் கூடாது.

இரண்டாவது தவறு அதைவிட நுட்பமானது: காந்தம் தட்டைவிடச் சிறியது. காந்தத்தின் ஓரத்தைத் தாண்டினால் புலம் கீழ்நோக்கித் திரும்பும். வெளிவட்டம் எதிர்த்திசையில் தள்ளப்பட்டு வேகத்தைத் தின்றுவிடும். காந்த விட்டம் தட்டுக்குச் சமமாவது இருக்கட்டும்.

செம்பு வளையத்தைக் காலியம் மெல்ல அரிக்கும், எவர்சில்வர் போடுங்கள். அலுமினியம் பக்கமே வேண்டாம், உதிர்ந்துவிடும். 10 ஆம்பியர் மின்னோட்டம், 0.2 டெஸ்லா காந்தப்புலத்துக்கு, உலோகத்தைச் சுழற்றும் திருப்புவிசை ஏறக்குறைய 0.9 மில்லிநியூட்டன்-மீட்டர். உலோகத்தின் மின்தடை மிகக் குறைவு, அதனால் மின்வழங்கியை மின்னோட்ட வரம்பில் வைத்தே இயக்குங்கள். மாறுதிசை மின்னோட்டம் கொடுத்தால் வெறுமனே அதிரும்.