கூடை தைக்கிற பெண், வலை பின்னுகிற பையன்: இந்தக் கதை நிற்குமா?

ஓடக்கரை:
சிறுகதைச் சுருக்கம் ஒன்று போடுறேன், தாராளமா கிழிங்க. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் செயின்ட் ஹெலினா தீவு, 1957. ஒரு குல்லா குடும்பம். (தொப்பி இல்லைங்க. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கடலோர மக்கள்.) மூத்த மகள் 'ஸ்வீட்கிராஸ்' புல்லில் கூடை பின்னுகிறாள், அது அருங்காட்சியகத்துக்குப் போகணும்னு கனவு. வலை பின்னும் பையன் ஒருத்தன் அவளை விரும்புறான். அவளுக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு கூடையை அவனிடம் கொடுத்துவிட்டு சார்ல்ஸ்டனுக்கு பஸ் ஏறுகிறாள்.

பனைநார்:
முதல் வரியிலேயே இடறுதே. அங்கே கூடையைப் 'பின்னுகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'தைக்கிறேன்' என்பார்கள். அடுத்தது, ஸ்வீட்கிராஸ் கூடை சார்ல்ஸ்டனைத் தாண்டி மவுன்ட் பிளசன்ட் பக்கத்துப் பெண்களின் தொழில். 1930 வாக்கில் 17ஆம் நெடுஞ்சாலை ஓரம் தட்டி போட்டு விற்க ஆரம்பித்தது அவர்கள்தான். செயின்ட் ஹெலினாவில் உப்புச் சதுப்பில் வளரும் கோரைதான். விறைப்பானது, கனமானது, பெரும்பாலும் ஆண்கள் கைவேலை. அங்கிருந்த பென் பள்ளியில் (1862இல் தொடங்கியது) கூடை வேலையை ஆண்பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் நாயகி கையில் அந்தப் புல் எப்படி வந்தது?

ஓடக்கரை:
அப்போ கதையை மவுன்ட் பிளசன்ட்டுக்கு மாத்திடவா? தீவு போயிடுமே.

மாலதி_க:
மாத்தாதீங்க ஓடக்கரை. பனைநார் பிழைன்னு காட்டினதுதான் உங்க கதையே. பையன்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த வேலைக்கு ஒரு பெண் ஆசைப்படுறா. பென் பள்ளி 1948இல் பள்ளியாக இயங்குவதை நிறுத்திடுச்சு. பையனுக்கு 1957இல் 26 வயசுன்னா, அங்கே கோரைக்கூடை கற்ற கடைசித் தொகுதியில் அவனை வைக்கலாம். அவளுக்கு வேண்டியது அவன் கை. அவனுக்கு வேண்டியது அவள். இந்தக் கணக்கு கடைசிவரை நேராகாது.

பனைநார்:
அதோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கற்றுக்கொடுத்ததற்குக் கூலியாகக் காதலைக் கேட்கிறவனாக அவனை ஆக்கிவிடுவீர்கள். தமிழ் சினிமாவில் பார்த்துச் சலித்ததுதானே. அதைவிடப் பெரிய ஓட்டை, 1957இல் ஏது அருங்காட்சியகக் கனவு? தென் கரோலினா இந்தக் கூடையை மாநிலக் கைவினை என்று அறிவித்ததே 2006இல். மவுன்ட் பிளசன்ட்டைச் சேர்ந்த கூடைக் கலைஞர் மேரி ஜாக்சனுக்கு, அமெரிக்காவில் பெரிய கௌரவமான மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது 2008இல். அரை நூற்றாண்டை அவள் தாவிவிடுகிறாள்.

ஓடக்கரை:
அருங்காட்சியகம் வேண்டாம், விட்டுடறேன். ஆனா லட்சியம் இருந்திருக்காதுன்னு சொல்லாதீங்க. அதே தீவில் சாம் டாயில் (1906–1985) கூரைத் தகரத்தில் வீட்டு பெயின்ட்டால் ஊர்க்காரர்களை வரைஞ்சு முற்றத்திலேயே வரிசையா நிறுத்தி வைத்தார். வாஷிங்டன் கண்காட்சிக்கு அவர் படங்கள் போனது 1982இல்தான். அதுவரை முற்றம்தானே காட்சிக்கூடம்?

பனைநார்:
முற்றம் சரி. அதை ஏற்கிறேன்.

மாலதி_க:
கூலி கேட்கிற காதலன் பற்றிய பயம் நியாயம்தான். அவனைப் பேசவே விடாதீங்க, வேலை பேசட்டும். ஒரு பாடக் காட்சி எழுதினா போதும்.

நடுவில் ஒரு முடிச்சு. அதைச் சுற்றிப் புரி வளரும். வைக்கோல்புரி மாதிரி முறுக்கக் கூடாது, இழைகள் நேராகக் கிடக்கணும். கட்டுகிற நார், பால்மெட்டோ பனையின் விரியாத இளங்குருத்தோலையைக் கால் அங்குலத்துக்கும் குறைவாகக் கிழிச்சது. கருவி, குழியை வெட்டி எறிந்து நுனி தேய்த்த கரண்டிக்காம்பு. முன்னாளில் மாட்டு விலா எலும்பு என்பதால் இன்னும் அதற்கு 'எலும்பு' என்றே பெயர். முந்தின சுற்றில் அதைக் குத்தித் துளை விட்டு, நாரை நுழைத்து இழுக்கணும்.

புதுசா கற்கிறவள் எங்கே தப்புவா? புரி மெலிவதை கவனிக்க மாட்டா. நாலு தையலுக்கு ஒருதரமாவது புது இழை செருகணும். விட்டுட்டா அந்தப் பக்கம் சுற்று தாழ்ந்து கூடை சாயும், மேலே எத்தனை சுற்று போட்டாலும் நிமிராது, பிரிச்சாகணும். நார் பச்சையாக இருந்தால் தைக்கும்போது அழகா இறுகும், ஒரு வாரத்தில் சுருங்கித் தையல் ஆடும். ரொம்பக் காய்ந்தால் துளையிலேயே கிழியும். அவள் மூன்று சுற்று தைச்சு நிமிர்றா. அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டைப் பிரிக்கிறான். அதைவிட என்ன காதல் வசனம் வேணும்?

வலைக்காரன்:
வலைப் பக்கமும் பாருங்க, சும்மா தோளில் போட்டுக்கொண்டு திரியவிடாதீங்க. வீச்சுவலை மேலே ஒரு சின்ன வளையத்தில் தொடங்கும், குறிப்பிட்ட வரிசைக்கு ஒருமுறை கண்ணி கூட்டிக்கொண்டே இறங்கணும். கூட்டுவது குறைந்தால் வீசும்போது வட்டமாக விரியாது, பை மாதிரி சுருண்டு விழும். வளையத்திலிருந்து விளிம்புவரை 6 அடி உள்ள வலை சரியாக விரிந்தால் 12 அடி விட்டத்தில் வட்டம். ஈயக்குண்டு குறைந்தால் அடிவிளிம்பு தரை தொடுமுன் மடவை நழுவிடும். வீசுகிறவன் விளிம்பைப் பல்லில் கடித்திருப்பான், அதனால் வீசும் காட்சியில் வசனமே வராது. 1957 என்பதால் பருத்தி நூல் வலையே இருக்கட்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். அவள் வீட்டுத் திண்ணையில் காயப்போட வருவது அவனுக்கு நல்ல சாக்கு.

நடுவிலிருந்து வெளியே வளர்வது கூடை, மேலிருந்து கீழே விரிவது வலை. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு, கூட்டுகிற இடம் தப்பக் கூடாது.

பனைநார்:
அழகான ஒப்புமை. அதைக் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தால் சரி.

முடிவில் எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. பஸ் ஏறுவது சோம்பேறி முடிவு. ஊரைவிட்டுப் போனால்தான் கலைஞியா? கோரை அந்தச் சதுப்பில்தான் இருக்கிறது. பக்கத்து ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வந்தது, அப்புறம் ரிசார்ட், வேலி, கேட். உயில் எழுதாமல் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவாக இறங்கிய நிலத்தில் ஒரே ஒருவர் தன் பங்கை விற்றாலும், வாங்கியவன் கோர்ட்டுக்குப் போய் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அவள் பயப்பட வேண்டியது அதற்கு. அவள் தங்கட்டும்.

ஓடக்கரை:
தங்கிட்டா அவன் நம்பிக்கையோட காத்திருப்பானே?

பனைநார்:
காத்திருக்கட்டும். அதுதானே கைக்கிளை.

மாலதி_க:
அந்த நம்பிக்கைக்கு மொழியிலேயே இடம் இருக்கு. பழைய குல்லாப் பேச்சில் 'இ' என்றால் அவன், அவள், அது மூன்றும். 'உம்' என்றால் அவனை, அவளை, அதை. அவள் அம்மா அடுக்களையில் இந்த இரண்டையும் வைத்து 'விரும்புது' என்கிற மாதிரி ஒரு வரி சொன்னால், வெளியே வலை உலர்த்துகிறவன் காதில் 'அவள் அவனை' என்று விழும். அம்மா சொன்னது 'அவள் அதை', கூடையை.

ஓடக்கரை:
தமிழில் எப்படிங்க எழுதறது? அவனைன்னு போட்டா பொய், அதைன்னு போட்டா குட்டு உடைஞ்சிடும்.

மாலதி_க:
இரண்டும் போடாதீங்க. "ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல." யாருக்கு, எதை, ஒன்றும் வேண்டாம்.