கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை: ரியூப்லைற் குற்றமா, மெசின் குற்றமா?

பழைய_ட்ரெடில்:
நேற்று கலர்_மன்னன் தம்பி இங்கே ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். "கறுப்பு வெள்ளைப் படம் பச்சையடித்தால் அச்சு மெசினைத் தொடாதீர்கள், கடையில் இருக்கிற ரியூப்லைற்றை மாற்றுங்கள்" என்று. வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. போன கிழமை ஒரு 31ஆம் நாள் நினைவு மலர் அடித்தேன், 200 பிரதி. அட்டையில் ஐயாவின் பழைய படம். எடுக்க வந்த மகள் பார்த்துவிட்டு "என்ன அண்ணை, ஐயாவுக்குப் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அழுதுவிட்டா. ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு டச்சுக் குடாக் கடற்கரைக்கே போய்ப் பார்த்தேன். அங்கே எந்த ரியூப்லைற்றும் இல்லை. பச்சை பச்சையாகத்தான் இருந்தது.

கலர்_மன்னன்:
எத்தனை மணிக்குப் போனீர்கள் அண்ணை?

பழைய_ட்ரெடில்:
பின்னேரம் ஐந்தரை இருக்கும். அதற்கென்ன?

கலர்_மன்னன்:
அதுதானே பார்த்தேன். ஐந்தரை மணி வெயில் மஞ்சள். அச்சு பார்க்கிற வெளிச்சத்துக்கு 5000 கெல்வின் (கெல்வின் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள்) என்று ஐஎஸ்ஓ 3664 நியமமே இருக்கிறது. சயன் (நீலம்), மஜெண்டா (கருஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நாலு ரோனரும், அதாவது மெசினின் நிறப்பொடிகளும், கலந்து வருகிற சாம்பல் ஒரு வெளிச்சத்தில் சாம்பலாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் தெரியும். ஐந்தரை மணிக்குக் கடற்கரையில் நின்று நிறம் பார்ப்பவரோடு நான் என்னத்தைப் பேச?

பழைய_ட்ரெடில்:
மஞ்சள் வெயிலில் பார்த்தால் மஞ்சளாகத் தெரியவேண்டும், பச்சை எங்கிருந்து வந்தது? அதுவும் டச்சுக் குடா கிழக்குப் பார்த்த கடல், பின்னேரச் சூரியன் முதுகுப் பக்கம், உள் துறைமுகத்துப் பக்கம் இறங்கும். திருகோணமலையில் பிறந்தவருக்கு இதையும் நான் சொல்லித்தர வேண்டுமோ? நான் நின்றது நிழலில்.
நடந்ததைக் கேளும். அன்று காலை எட்டேகாலுக்கு மெசினின் நிறத்தைச் சரிசெய்கிற கலிபிரேஷன் போட்டேன், ஏசி போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரவு முழுக்க மழை, பேப்பர் ரீம் பிரித்தபடி மேசையில் கிடந்தது, பேப்பரைத் தொட்டால் அப்பளம் நமுத்த மாதிரி. பதினொரு மணிக்கு அடிக்கும்போது அறையின் ஈரம் வேறு. ஈரத்தோடு ரோனரின் மின்னேற்றமும் மாறும், பேப்பரில் ஏறுகிற அளவும் மாறும். மஜெண்டா கொஞ்சம் இறங்கினாலே போதும், சயனும் மஞ்சளும் சேர்ந்து பச்சையைக் காட்டிவிடும். அடுத்த நாள் மதியம் அறை குளிர்ந்து நிலைத்த பிறகு திரும்பக் கலிபிரேஷன் போட்டு அதே ஃபைலை அடித்தேன். பாசி போய்விட்டது. ரியூப்லைற்றை நான் மாற்றவே இல்லை.

மூதூர்_பொடியன்:
இரண்டு பேரும் எதையோ குழப்புகிறீர்கள். கலிபிரேஷன் என்பது மெசினை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. புரொஃபைல் என்பது அந்த நிலையில் மெசின் என்ன நிறம் தரும் என்று எழுதிவைத்திருப்பது. முதலில் இதைச் சொல்லுங்கள்: படம் ஆர்ஜிபியா (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த நிறப் ஃபைல்), கிரேஸ்கேலா (வெறும் சாம்பல் அளவுகள்)?

கலர்_மன்னன்:
பழையதை ஐந்தரைக்குப் பார்த்தீர்கள். புதியதை மதியம் பார்த்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா, இல்லையா?

பழைய_ட்ரெடில்:
பழையதையெல்லாம் கிழித்துப் போட்டேன். அழுத பிள்ளைக்கு முன்னால் ஆதாரம் சேர்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீரா?

கலர்_மன்னன்:
ஆக, சாட்சி இல்லை. ஐந்தரை மணி மட்டும்தான் இருக்கிறது.

நிலாவெளி_கமெரா:
எதற்கு இவ்வளவு பாடு? படத்தைக் கிரேஸ்கேலாக்கிக் கறுப்பு ரோனரில் மட்டும் அடித்திருந்தால் பச்சை எந்த வழியால் வரும்?

பழைய_ட்ரெடில்:
வராதுதான். கறுப்பும் வராது, வடித்த கஞ்சி மாதிரி ஒரு படம் வரும். தலைமயிரும் கோட்டும் ஒரே கரியாக நிற்கும். ஆழம் வேண்டுமென்றால் மற்ற மூன்றும் அடியில் கொஞ்சம் வேண்டும். அது இருக்க, நீர் வாய் திறக்கலாமா? கலியாண அல்பத்துக்கு அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற எல்லையில் இருந்த படங்களை, அதைச் சொல்லுகிற புரொஃபைல் ஒட்டாமல் அனுப்பியது நீர்தானே. மெசின் அதை ஒடுங்கிய எல்லையான எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து அடித்தது, கூறைச் சேலையெல்லாம் வெளுத்துப்போனது. காசும் பாதிதான் தந்தீர்.

நிலாவெளி_கமெரா:
வெளுக்கவில்லை அண்ணை, சிவந்தது! போட்டோஷொப்பில் ஒரு தடவை, உங்கள் மெசினின் டிரைவர் மென்பொருளில் இன்னொரு தடவை என்று இரண்டு இடத்தில் நிறம் மாற்றி அடித்தீர்கள். மாப்பிள்ளை வெயிலில் நின்று மாடு மேய்த்தவர் போல இருந்தார். பாதி தந்ததே அதிகம்.

பழைய_ட்ரெடில்:
வெளுத்தது. அல்பம் இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது, வந்து பாரும்.

கலர்_மன்னன்:
எத்தனை மணிக்கு வர வேண்டும்? ஐந்தரைக்கா?
சரி, இன்னொன்று. கலிபிரேஷனுக்கு அடிக்கிற நிறக் கட்டச் சார்ட்டை நீங்கள் அளப்பது மெசினின் ஸ்கேனர் கண்ணாடியில் வைத்துத்தானே? அந்தக் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தது எப்போது?

பழைய_ட்ரெடில்:
கண்ணாடியில் வைக்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது யார்? நிறம் அளக்கிற என் கருவியை "இரண்டு நாளைக்கு அண்ணை" என்று போன வருடம் வாங்கிப்போன ஆள், கருவியைச் சரிபார்க்கிற வெள்ளைத் தட்டில் விரல் அடையாளத்தோடு மூன்று மாதம் கழித்துத் தந்தார். பெயர் சொல்ல மாட்டேன், மன்னர்களுக்கு மரியாதை உண்டு.
ஈரம் என்றால் சிரிக்கிற ஆட்கள் ஆடி மாதம் என் கடைக்கு வாருங்கள். கச்சான் காற்று அடிக்கும்போது பேப்பர் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக உள்ளே போகும். ரியூப்லைற் மாற்றினால் அதுவும் நிற்குமோ? அன்றைக்குக் கடற்கரையில் வெயிலே இல்லை, மப்பு. மஞ்சளாவது, மண்ணாங்கட்டியாவது.

கலர்_மன்னன்:
முதலில் நிழல் என்றீர்கள். இப்போது மப்பு.

மூதூர்_பொடியன்:
படம் ஆர்ஜிபியா கிரேஸ்கேலா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பழைய_ட்ரெடில்:
நிழலும் இருந்தது, மப்பும் இருந்தது. வெட்டுக் கழிவுக்குள் கிண்டியதில் பழைய அட்டை ஒன்று அரை முகத்தோடு அகப்பட்டிருக்கிறது. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு, உச்சி வெயிலில், புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் நிற்பேன். தைரியம் இருந்தால் வாரும்.

கலர்_மன்னன்:
உச்சி வெயில் 5500 கெல்வினுக்கு வரும் அண்ணை. நான் சொன்னது 5000.